குடவோலையும் கடாரத்து வாக்குச் சீட்டும்

தமிழ்ப் பள்ளி விழாக்களில் குடவோலை முறையைக் குறிப்பிடாமல் மேடையை விட்டு இறங்கும் சொற்பொழிவாளர் அரியர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் வாக்களித்து ஆட்சியாளரைத் தேர்ந்தெடுத்தான் என்பது அவர்தம் முடிபு. மாணவரும் கைதட்டி மகிழ்வர். ஆனால் கல்வெட்டை முன்வைத்துப் படித்துப் பார்த்தால் செய்தி சற்றே வேறாக இருக்கிறது. உத்திரமேரூரில் ஒருவரும் இன்னொருவருக்கு வாக்களிக்கவில்லை. குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தவன் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன். எவர் பெயர் வந்ததோ அவர் வாரியத்தில் அமர்ந்தார். இன்றைய வழக்கில் சொன்னால் அது திருவுளச் சீட்டு.

இதனால் உத்திரமேரூரின் பெருமை குன்றிவிடுமோ என்று எவரும் அஞ்சவேண்டா. ஓலை எடுப்பது சில நாழிகை வேலை. அதற்கு முன், யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம், யாருடைய பெயரை எழுதலாகாது என்று அந்த ஊரார் வகுத்த விதிகளே கல்வெட்டின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. நம் சொற்பொழிவாளர்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு இந்த விதிகளைக் கைவிட்டுவிட்டார்கள். கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் தமிழருக்கு இன்று பயன்படக்கூடியது எதுவென்று கேட்டால், கைவிடப்பட்ட அந்தப் பகுதிதான்.

முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவ்விரு ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் அவற்றை இன்றும் காணலாம். பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை ஆய்வு நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டாரம் போன்றது. ஓலையில் பெயர் எழுதப்படுபவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தம் சொந்த மனையில் கட்டிய வீட்டில் அவர் குடியிருத்தல் வேண்டும். வயது முதல் ஏற்பாட்டில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது 35க்கு மேல் 70க்குள் என்று திருத்தப்பட்டது. வேதப் பயிற்சி, காரியம் அறியும் திறமை, நேர்வழியில் ஈட்டிய பொருள், தூய நெஞ்சம் ஆகியனவும் கேட்கப்பட்டன. கடந்த 3 ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவராக இருத்தல் கூடாது.

தகுதிகளைவிடத் தகுதியின்மைகளே ஆழ்ந்து எண்ணத்தக்கவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதலாகாது. அவர் பெயரை மட்டுமா? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என உறவின் கிளைகளையெல்லாம் கல்வெட்டு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி, அவர்களையும் விலக்குகிறது. தாம் விலகித் தம் மைத்துனரை நிறுத்திவைக்கும் தந்திரம் பத்தாம் நூற்றாண்டிலேயே ஊராருக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் கல்லில் இத்தனை உறவுமுறைகளை வெட்டுவிக்கும் செலவை ஏற்றிருக்கமாட்டார்கள். பிறர் பொருளைக் கவர்ந்தவரும், பொய்யாவணம் எழுதியவரும், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவரும் விலக்கப்பட்டனர்.

இத்தனை சல்லடைகளிலும் சலித்த பின்னரே குடம் சபைக்கு வந்தது. அப்போதும் ஊரார் கண்மூடி இருக்கவில்லை. சிறுவர் முதியவர் அனைவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடித்தார். சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏந்தி வாசித்தான். பின்னர் நம்பிமாரும் அதனை வாசித்தனர். கைக்குள் ஓலையை மாற்றிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் விரல்களை விரித்தது. இவ்வாறு அமைந்தவர்களே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் 360 நாள் பணி செய்தனர். இடையே குற்றம் கண்டால் உடனே நீக்கப்பட்டனர். நம் பள்ளி மேலாளர் வாரியம் என்ற தொடரில் இன்றும் அந்தப் பழஞ்சொல் உயிரோடிருப்பதைத் தமிழாசிரியர்கள் மாணவருக்குச் சுட்டிக் காட்டலாம். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அதனினும் தொன்மையானது. கயிற்றாற் பிணித்த குடத்தின் முத்திரையை நீக்கி ஓலையை வெளியே எடுக்கும் காட்சி அகநானூற்றின் 77ஆம் பாட்டில் உவமையாக வந்துள்ளது.

இதே காலத்து முறைதானா உலகில் வேறெங்கும் இல்லாதது என்று கேட்டால், கிரேக்க நாட்டு ஏதென்சு நகரை நினைவுகூர வேண்டும். அங்கும் அலுவலர் பலர் திருவுளச் சீட்டால் அமைந்தனர். அமைந்தவரை அப்படியே இருக்கையில் ஏற்றிவிடவில்லை. உன் தந்தை யார், உன் முன்னோர் கல்லறை எங்குள்ளது, பெற்றோரை நன்கு பேணுகிறாயா, வரி கட்டினாயா, போர்ப்பணி செய்தாயா என்று மன்றத்தில் நிறுத்திக் கேட்டனர். பதவிக்காலம் முடிந்ததும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். எகிப்து நாட்டில் கிடைத்த ஏட்டுச் சுருளைக் கொண்டு 1891இல் அச்சான அரிஸ்டாட்டிலின் ஏதென்சு ஆட்சிமுறை நூல் இவ்விவரங்களைத் தருகிறது. ஏதென்சும் உத்திரமேரூரும் ஒன்றையொன்று அறிந்தவை அல்ல. தெய்வத்தின் கையில் சீட்டை விட்ட இரண்டு ஊர்களும், ஆளைப் பற்றிய விசாரணையைத் தெய்வத்திடம் விடவில்லை.

உண்மையை மறைத்தலும் ஆகாது. உத்திரமேரூர் பிரமதேயச் சதுர்வேதிமங்கலம். அங்கே உழுதவனும் நெய்தவனும் ஓலையில் இடம் பெறவில்லை, பெண்களுக்கும் இடமில்லை. கால் வேலி நிலம் என்ற ஒரு விதியே கூலியாளை வெளியே நிறுத்தப் போதுமானது. கெடாவின் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் பாட்டன்மார் அந்தச் சபைக்கு வெளியே நின்றவர்களே ஆவர். இராசேந்திரன் 1025இல் கடாரம் கொண்டான் என்பது மெய்க்கீர்த்தி. அதனால் சோழர் சபையும் இங்கு வந்தது என்று சிலர் நீட்டி முழக்குவதற்குச் சான்று இல்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் வேல்ஸ் என்பார் 1936-37 ஆண்டுகளிலும் பிறர் பின்னரும் அகழ்ந்து கண்டவை கோயில் அடித்தளங்களும் வணிகப் பொருள்களும். அவற்றினிடையே சபை நடத்தியதைச் சொல்லும் கல் ஒன்றும் இல்லை.

கெடா 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் பாதுகாப்புக்கு மாறிய பின்னர், கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. கங்காணி ஆள் கட்டினார், துரை பெரட்டில் பெயர் கூப்பிட்டார், கிராணி கணக்கெழுதினார். லயத்தில் வாழ்ந்தவன் தனக்கு மேலுள்ள ஒருவரையேனும் தான் தேர்ந்தெடுத்ததில்லை. லயத்துப் பஞ்சாயத்தில்கூடப் பெரிய கங்காணியின் சொல்லே முடிவாக இருந்தது. இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திய பின் கங்காணியின் பிடி தளர்ந்தது. போருக்குப் பின் 1946இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தொடங்கிய இயக்கம் கூலி, மரியாதை ஆகியவற்றுக்கான போராட்டமாக வளர்ந்து, 1947இல் போலீசாருடன் மோதலில் முடிந்தது. பலர் சிறை சென்றனர். அந்தத் தலைமைக்கு வாக்குப் பெட்டி வைக்கவில்லை. ஆயினும் கங்காணி காட்டிய ஆளை விட்டுத் தாமே கண்டறிந்த ஆளைத் தோட்டத்தார் பின்பற்றியது அப்போதுதான். தேர்ந்து தெளிதலின் முதற்பாடம் அவர்களுக்கு அங்கே கிடைத்தது எனலாம்.

வாக்குச் சீட்டு நகரங்களுக்கே முதலில் வந்தது. பினாங்கில் வரி செலுத்துவோர் 1857 முதல் நகராண்மை ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுத்து வந்தனர். 1913இல் அந்த உரிமை பறிபோயிற்று. மலாயாக் கூட்டரசின் ஊராட்சித் தேர்தற் சட்டம் 1950இல் பிறந்ததும், 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். 9 இடங்களில் 6 இடங்கள் ரேடிக்கல் கட்சிக்குக் கிடைத்தன. கோலாலம்பூர்த் தேர்தல் 1952 பிப்ரவரி 16இல் நடந்தது. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9 இடங்களைப் பெற்றது அத்தேர்தலில்தான். பின்னர் நாட்டையே ஆண்ட கூட்டணிக்கு அதுவே வித்து. பங்சார் வட்டாரத்தில் மலாயாச் சுதந்திரக் கட்சியின் சார்பில் வென்ற திருமதி தேவகி கிருஷ்ணன், இந்நாட்டில் பொதுத் தேர்தலில் வென்ற முதற் பெண்மணி ஆனார். கெடாவிலும் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் ஆகிய ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்கள் அமைந்தன. அவசரகாலத்தில் எழுந்த புதுக்கிராமங்களுக்கு 1952இன் சட்டம் தனி மன்றங்களைத் தந்தது.

ஜார்ஜ் டவுனில் மன்றத்தாரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் பதவி விலக, அவ்விடங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஆண்டு முடிவில் வாக்காளர் முன் வந்து நிற்பதென்பது கணக்குக் காட்டுவதற்கு ஒப்பானதே. 360 நாள் வாரியத்தின் சாயல் அதில் தெரிகிறது. ஆனால் உத்திரமேரூரில் விசாரணை சபையின் கடமையாக இருந்தது. இங்கோ சட்டம் வயது, குடியிருப்பு முதலிய சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற விசாரணை முழுவதையும் வாக்காளன் தலையில் இறக்கிவிட்டது. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்ற அதிகாரம் அமைச்சரையும் அலுவலரையும் நாடும் அரசனுக்கு உரைத்தது. அந்த வேலை இப்போது பால்வெட்டி முடித்துக் குளித்துவிட்டு வருகின்ற தொழிலாளிக்கு வந்து சேர்ந்தது.

அவன் எதைக்கொண்டு விசாரிப்பான்? தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவின்றி வெளியார் உள்ளே வந்து பேசுதல் அரிது. காப்பிக் கடையில் எழுத்தறிந்த ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டறிந்ததுதான் பெரும்பாலும் செய்தி. எழுத்தறியாதவரும் அடையாளம் காணட்டும் என்று சின்னங்கள் வந்தன. 1955 ஜூலை 27இல் நடந்த முதற் கூட்டரசுத் தேர்தலில் கூட்டணியின் பாய்மரப் படகு 52 தொகுதிகளில் 51ஐ வென்றது. சுங்கை மூடா தொகுதியில் நின்று வென்றவர் துங்கு அப்துல் ரஹ்மான். சின்னம் ஒரு பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் படகைப் பார்த்தவன் படகிலிருந்த ஆளைப் பார்க்க மறந்தான். கட்சி முடிவு செய்த பெயரே போதும் என்ற பழக்கம் அப்போதே வேர்விட்டது.

அதினும் பெரிய தடை குடியுரிமை. 1955இன் வாக்காளரில் இந்தியர் 4.6 சதவீதமே. இரண்டாண்டு கழித்து 1957இல் எடுத்த மக்கட்கணக்கில் இந்தியர் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தனர். எனவே பாதிப் பேருக்கு மேல் பட்டியலுக்கு வெளியே நின்றனர் எனலாம். குடியுரிமை பெற்றவனுக்கும் ஊராட்சித் தேர்தலில் வேறொரு வேலி இருந்தது. நகர மன்றத்தின் எல்லை நகரத்தோடு நின்றது; லயத்துக்குத் தண்ணீர், சாக்கடை, விளக்கு எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. சுங்கை பட்டாணிச் சந்தையில் சாமான் வாங்குபவன் அச்சந்தையை ஆளும் மன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. நகரில் கடை வைத்திருந்த தமிழரும், இரயில்வே, பொதுப்பணி ஊழியரும் வாக்களித்தனர். தோட்டத்துச் சொந்தக்காரர் வேடிக்கை பார்த்தனர்.

நகரத் தமிழர் அந்நாளில் பெற்ற இடம் சிறிதன்று. ஜார்ஜ் டவுன் 1957 சனவரி 1இல் மாநகரமானது. அதன் முதல் மேயராகத் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ்.இராமநாதன் அமர்ந்து 1961 வரை பணியாற்றினார். சிறுபான்மையருள் சிறுபான்மையான ஓர் இனத்தவர், சீனர் மிகுந்த ஒரு நகரின் தலைவராக வந்தார் என்றால், வாக்காளர் இனத்துக்கு அப்பாலும் சிலவற்றை எடைபோட்டனர் என்றுதான் கொள்ளவேண்டும்.

இந்தோனேசியாவின் எதிர்ப்பு முற்றிய வேளையில், 1965 மார்ச்சு 1ஆம் நாள் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு வாக்களித்தார். எதிர்ப்பு 1966 ஆகஸ்டில் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. மன்றங்கள் சிலவற்றில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததும், 1966இல் ஜார்ஜ் டவுன் மாநகர மன்றத்தின் பொறுப்பை மாநில அரசு ஏற்றதும் இக்காலத்து நிகழ்ச்சிகள். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைந்த அரசாணைக் குழுவின் தலைவர் ஒரு தமிழர்: செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகியின் கணவர் அவர். தீபகற்பத்தில் 370க்கு மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் பலவேறு சட்டங்களின் கீழ்ச் சிதறிக் கிடப்பதை அக்குழு கண்டது. சிதறலை நீக்கி ஒரே சட்டத்தின் கீழ்க் கொணர்க என்றும், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரைக் கொண்டே மன்றங்கள் நடக்கட்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அறிக்கை 1968 டிசம்பரில் அரசிடம் சென்றது. இடையே 1969 மே கலவரம் வந்தது. அறிக்கை 1971இல்தான் வெளியாயிற்று.

குழுவின் முதற் பரிந்துரையை அரசு ஏற்றது, இரண்டாவதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றங்களை ஒன்றாக்கியது. அதன் 15ஆம் பிரிவு தேர்தல் விதிகளைச் செயலற்றவையாக்கியது. 10ஆம் பிரிவு, 8 முதல் 24 வரையிலான உறுப்பினரை மாநில அரசு நியமிக்கும் என்கிறது. பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேற்படாது. பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் இயற்றி ஊராட்சித் தேர்தலை மீட்க முயன்றது. கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் அதற்கு இடமில்லை என்று தீர்த்தது.

இந்தக் கால வரிசையைத் தோட்டத் தமிழரின் இடப்பெயர்ச்சியோடு சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். நகர மன்றங்களுக்கு வாக்குரிமை இருந்த 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் அவர்கள் எல்லைக்கு வெளியே லயத்தில் இருந்தனர். பிற்காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாற, அவர்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அடுக்கு வீடுகளிலும் தாமான்களிலும் குடியேறினர். ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டும் நகரத்தார் ஆயினர். எல்லைக்குள் அவர்கள் வந்து சேர்ந்தபோது வாக்குப் பெட்டி எடுத்துச் செல்லப்பட்டிருந்தது.

இப்பொழுது 10ஆம் பிரிவை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று. உறுப்பினருள் பெரும்பாலோர் அந்த எல்லைக்குள் வாழ்பவராகவும், ஊராட்சிக் காரியங்களில் பரந்த அனுபவமோ, தொழிலிலும் வணிகத்திலும் சிறப்போ, தம் சமூகத்தாரின் நலனை எடுத்துரைக்கும் திறனோ உடையவராகவும் இருக்கவேண்டும் என்று அது கூறுகிறது. உள்ளூரில் வீடு, காரியம் அறியும் திறமை: உத்திரமேரூரின் குரல் ஓரளவு கேட்கத்தான் செய்கிறது. கேட்காமற்போனவை இரண்டு. முந்தைய பதவியில் கணக்குக் காட்டாதவரையும் அவர் சுற்றத்தாரையும் விலக்கும் விதியை அப்பிரிவில் காணோம். 3 ஆண்டு இருந்தவர் 3 ஆண்டு விலகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடித்த அந்த நம்பியாரின் வேலையும் இங்கு எவருக்கும் இல்லை; நியமனம் கட்சிகளின் பட்டியலுக்கும் மாநில ஆட்சிக்குழுவின் மேசைக்கும் இடையே முடிந்துவிடுகிறது.

வாக்கு இன்னும் கையில் இருக்கும் இடங்களிலேனும் பழைய கேள்விகளைக் கேட்கிறோமா? தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தபோது, வீ.தி.சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் மாதந்தோறும் சேர்த்த பணத்தால் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954இல் ஒரே தேசியச் சங்கமாக இணைந்தபோதும் கிளைகளில் வாக்கெடுப்பு வந்தது. நகர மன்றத்தில் கிடைக்காத பயிற்சியைத் தோட்டத்தார் இவற்றில் பெற்றிருக்கலாம். ஆனால் பேராளர் தேர்தல், கோயில் நிர்வாகத் தேர்தல், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தல் என எதை எடுத்தாலும், ஆண்டுக் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது எழுந்து செல்வோரும், தேர்தல் தொடங்கும்போது திரும்பி வருவோரும் உண்டு. கணக்கைக் கேளாதவர், கணக்குக் காட்டாதவரை எவ்வாறு இனங்காண்பர்? முன்மொழிபவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வழிமொழியக் கை எழுகிறது. சற்றே தாமதித்து, இவர் முன்பு எந்தப் பொறுப்பில் இருந்தார், அந்தப் பொறுப்பின் கணக்கு முடிந்ததா, இவருக்கு முன்னிருந்தவர் இவருக்கு என்ன உறவு என்று மூன்று கேள்வி கேட்பதை ஒழுங்கீனம் என்று சிலர் கருதுவதுதான் வருத்தத்துக்குரியது. அக்கேள்விகளைக் கல்லில் வெட்டிக் கோயிற் சுவரில் பதித்தவர்கள் அப்படிக் கருதவில்லை.

நகராண்மைக் கழகத்துக்கோ இன்று ஒரு சுற்று வழிதான் உள்ளது. உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. மாநில அரசை அமைப்பது சட்டமன்றத் தேர்தல். ஆகவே சட்டமன்ற வேட்பாளரிடம், உங்கள் கட்சி வென்றால் இந்த வட்டாரத்துக்கு யாரை நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பும், அவர் இங்கே குடியிருக்கிறாரா, சென்ற முறை இருந்தவர் எத்தனை கூட்டத்துக்குச் சென்றார் என்று தேர்தலுக்கு முன்னரே கேட்கலாம். வேட்பாளர் தோட்டத்து வாயிலில் துரையின் இசைவுக்குக் காத்திருந்த காலமன்று இது. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். 1955இல் வெளியே நின்றவர்களின் கொள்ளுப்பேரர்களுக்குப் பதிவுக் கவலையும் இல்லை. கெடாவின் 36 சட்டமன்றத் தொகுதிகளுக்கு 2023 ஆகஸ்டு 12இல் தேர்தல் நடந்தது. அன்றைய வாக்குச் சீட்டில் நகராண்மைக் கழகம் என்ற சொல் எங்கும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் யார் யார் கழக இருக்கைகளில் அமர்வர் என்பதும் அந்தச் சீட்டாலேயே முடிவாயிற்று.